கைவேலை வெள்ளி நகை அசலா? முத்திரையைப் பார்த்த பிறகு நகையைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி இதுதான்: பாரம்பரியக் கைவேலை என்று சொல்லி விற்கிறார்கள், 925 என்ற முத்திரையும் இருக்கிறது, நம்பி வாங்கலாமா? முத்திரையே இல்லாத பழைய நகை என்றால் ஒதுக்கிவிட வேண்டுமா?

இரண்டுக்கும் என் பதில் ‘வேண்டாம், அவசரப்படாதீர்கள்’ என்பதுதான். ஆயிரம் பங்கு உலோகத்தில் 925 பங்கு வெள்ளி இருக்கிறது என்று அந்த முத்திரை சொல்கிறது. அதோடு அதன் வேலை முடிந்தது. ரப்பர் அச்சில் மெழுகுப் பிரதி எடுத்து நூற்றுக்கணக்கில் வார்த்துத் தள்ளிய மோதிரத்திலும் அதே 925 இருக்கும், நேர்மையாகவே இருக்கும். மோதிரம் வெள்ளிதான், கைவேலைதான் இல்லை. மறுபக்கம், நாணயங்களை உருக்கி ஒரு கைவினைஞர் நாள்கணக்கில் உட்கார்ந்து செய்த பழைய காப்பில் எந்த முத்திரையும் இருக்காது, வெள்ளியும் 925-ஐ எட்டாது. முத்திரையை மட்டும் பார்த்து வாங்குகிறவர் முதலாவதைக் கைவேலை விலைக்கு வாங்கிக்கொண்டு, இரண்டாவதைப் போலி என்று தள்ளிவிட்டு வருவார். இந்த இரண்டாவது இழப்புதான் எனக்கு அதிகம் வருத்தம் தருவது. அப்படித் தள்ளப்பட்ட நகைகள் பல நேரடியாக உருக்கும் உலைக்குப் போய்விடுகின்றன.

அதனால் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். உலோகம் வெள்ளியா? வேலை கையால் செய்ததா? சொல்கிற ஊரும் காலமும் உண்மையா? முதல் கேள்விக்குத் தராசும் கருவியும் பதில் சொல்லும். இரண்டாவதற்கு நகையின் பின்பக்கம் சொல்லும். மூன்றாவதுதான் கடினம்.

முதலில் உலோகம். சுத்த வெள்ளி மிகவும் மெத்தென்று இருக்கும்; அதில் செய்த மோதிரம் கொஞ்ச நாளில் கோணிப்போகும். அதனால்தான் செம்பு சேர்க்கிறார்கள். எவ்வளவு சேர்ப்பது என்பதில் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வழியில் போனது. இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் 925. அங்கேயே 1697 முதல் 1720 வரை 958 பங்கு வெள்ளி கட்டாயமாக இருந்தது. அதற்குப் பிரிட்டானியா வெள்ளி என்று பெயர். பிரான்சில் 1838-இலிருந்து மினர்வா தேவியின் தலை முத்திரை. முதல் தரம் 950, இரண்டாம் தரம் 800. ஜெர்மனி, இத்தாலி நாட்டுப் பழைய நகைகளில் 800, ஸ்காண்டிநேவிய நாடுகளில் 830 சர்வசாதாரணம். பழைய ரஷ்ய நகையில் 84 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு ‘நூற்றுக்கு 84’ என்று கணக்குப் போடாதீர்கள். அவர்கள் ஸோலோட்னிக் என்ற அளவில் 96-ஐ முழுச் சுத்தமாக வைத்தார்கள். 96-இல் 84 என்றால் 875. இந்தியாவில் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். தரும் ஹால்மார்க் முத்திரை வெள்ளிக்கும் உண்டு. 2025 செப்டம்பர் 1 முதல் ஒவ்வொரு நகைக்கும் தனித்த ஆறு இலக்க அடையாளக் குறி தரும் முறையும் வந்திருக்கிறது, விருப்பத்தின் பேரில்.

இதில் 925 மட்டுமே அசல் என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை. சொல்லப்போனால், நூறு வருஷத்துக்கு முந்தைய பழங்குடி நகை என்று ஒன்றைக் காட்டி, அதில் பளிச்சென்று 925 என்று அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். அந்த எண் முறை அந்த மக்களிடம் அப்போது கிடையாது. வெளிச்சந்தைக்கு விற்பதற்காகச் செய்ததில்தான் அந்த எண் ஏறும்.

எழுத்துகளிலும் வலை விரித்திருப்பார்கள். ஈ.பி.என்.எஸ். என்று நான்கு எழுத்துகள் தனித்தனிச் சதுரத்துக்குள் அடித்திருக்கும். பார்க்க ஆங்கிலேய ஹால்மார்க் போலவே தெரியும். அது நிக்கல் கலவை மேல் மின்முலாம் பூசியது என்பதன் சுருக்கம். உண்மையான ஆங்கில ஸ்டெர்லிங் வெள்ளியில் பெரும்பாலும் நடக்கும் சிங்கத்தின் உருவம் இருக்கும். 1544-இலிருந்து அதுதான் அடையாளம். ஜெர்மன் சில்வரில் செம்பு, நிக்கல், துத்தநாகம் மட்டுமே. வெள்ளி ஒரு துளியும் இல்லை. மெக்சிகோவில் அதையே அல்பாக்கா என்பார்கள். ‘திபெத்திய வெள்ளி’ என்று சந்தையில் புழங்குவதில் பெரும்பாலும் வெள்ளி பேருக்குத்தான் இருக்கும், பலதில் அதுவும் இருக்காது. நிக்கல் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் கொண்டுவரும். பணத்தோடு முடிகிற நஷ்டம் இல்லை அது.

வீட்டிலேயே செய்யச் சொல்லும் சோதனைகளில் பாதி வீண். காந்தம் ஒட்டவில்லை என்றால் வெள்ளி என்பார்கள். செம்பு, பித்தளை, ஜெர்மன் சில்வர் எதிலும்தான் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் மட்டும் ஒரு சேதி தெரியும், அதுவும் கொக்கிக்குள் எஃகு ஸ்பிரிங் இருக்கிறதா என்று பார்த்த பிறகு. ஐஸ் கட்டியை வைத்தால் சட்டென்று உருகும் என்பதும் உண்மைதான்; உலோகங்களிலேயே வெப்பத்தை வேகமாகக் கடத்துவது வெள்ளி. ஆனால் செம்பு அதற்குக் கொஞ்சம்தான் பின்னால். முலாம் பூசிய செம்பை ஐஸ் காட்டிக்கொடுக்காது.

நான் நம்பிச் சொல்லக்கூடிய வீட்டுச் சோதனை தண்ணீர்த் தராசு. 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு ஒன்று போதும். நகையை நிறுத்துக்கொள்ளுங்கள்; 62.4 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு தராசில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, நகையை மெல்லிய நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிடுங்கள். அடியிலும் சுவரிலும் படக்கூடாது, காற்றுக் குமிழி ஒட்டியிருக்கக்கூடாது. இப்போது தராசு 6.0 காட்டினால், 62.4-ஐ 6.0-ஆல் வகுக்க அடர்த்தி 10.4. சுத்த வெள்ளிக்கு 10.49, ஸ்டெர்லிங்குக்கு ஏறக்குறைய 10.36, 800 வெள்ளிக்கு 10.1 அளவில் வரும். அதே நகை செம்பாக இருந்தால் தராசு கிட்டத்தட்ட 7 காட்டும், அடர்த்தி 8.96-தான். ஜெர்மன் சில்வர் இன்னும் குறைவு. இந்த முறைக்கு நகை திடமாக இருக்க வேண்டும். உள்ளே பொள்ளலாக இருந்தாலோ, அரக்கு நிரப்பியிருந்தாலோ, கல் பதித்திருந்தாலோ கணக்கு பொய்யாகும். அரக்கு நிரப்பிய நகையை எடைக்கு வாங்கும்போது அரக்கையும் வெள்ளி விலைக்கு வாங்குகிறோம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உரைகல்லில் தேய்த்து அமிலம் விட்டுப் பார்ப்பது பழைய முறை. பொட்டாசியம் டைகுரோமேட் கலந்த நைட்ரிக் அமிலம் நல்ல வெள்ளியில் இரத்தச் சிவப்பாக மாறும். வெள்ளியின் பங்கு குறையக் குறைய நிறம் மங்கிப் பழுப்பாகும். அந்தக் கரைசல் நச்சு, தோலைப் பொத்துவிடும். பழகியவர் கையில்தான் இருக்க வேண்டும். மேற்பூச்சைத் தாண்டி உள் உலோகத்தைத் தொட வேண்டும் என்றால் மறைவான இடத்தில் அரம் போட்டாக வேண்டும். அருமையான பழைய நகையில் அப்படி ஒரு கீறல் விழுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அதற்குப் பதில் எக்ஸ் கதிரால் உலோகத்தை அளக்கும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவியில் வைத்துப் பாருங்கள், கீறாமல் சொல்லும். அதற்கும் ஒரு குறை உண்டு: மேற்பரப்பிலிருந்து மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு ஆழம் வரைதான் அது பார்க்கும். கனமாக முலாம் பூசியிருந்தால் முலாமைத்தான் அளக்கும். முலாம் இல்லாத அசல் நகையிலும் கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்லும். ஏனென்றால் காய்ச்சி அமிலத்தில் போட்டு எடுக்கும்போது மேலே உள்ள செம்பு கரைந்துபோய், சுத்த வெள்ளித் தோல் ஒன்று மிஞ்சுகிறது. தேய்ந்த விளிம்பு ஒன்று, தேயாத பள்ளம் ஒன்று என இரண்டு மூன்று இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எண்கள் கொஞ்சம் முன்பின் இருந்தால் இயல்பு. ஓரிடத்தில் நூற்றுக்கு 95, இன்னோரிடத்தில் நூற்றுக்கு 40 என்றால் முலாம்.

கண்ணுக்கே தெரியும் தடயமும் உண்டு. முலாம் முதலில் போவது விளிம்பிலும், வளையத்தின் உட்புறத்திலும், கொக்கி உரசும் இடத்திலும். அங்கே மஞ்சளோ சிவப்போ எட்டிப் பார்த்தால் விஷயம் முடிந்தது. இடுக்குகளில் பச்சைக் களிம்பு திட்டுத்திட்டாகக் கட்டியிருந்தால் செம்பு அதிகம். வெள்ளி கறுக்கத்தான் செய்யும். காற்றிலுள்ள கந்தக வாயு பட்டு மேலே வெள்ளி சல்ஃபைடு படிகிறது. கறுப்பதே இல்லை என்று பெருமையாகச் சொல்லும் நகையில் பெரும்பாலும் ரோடியம் என்ற உலோகத்தின் பூச்சு இருக்கும்.

உலோகம் போதும். இனி நகையைத் திருப்புங்கள்.

முன்பக்கம் வாங்குகிறவருக்காகச் செய்யப்பட்டது, அதை எந்த இயந்திரமும் அழகாகக் காட்டிவிடும். பின்பக்கம் செய்தவருக்குச் சொந்தமானது. எங்கே தட்டினார், எங்கே பொடி (துண்டுகளை ஒட்டும் உலோகக் கலவை) வைத்து ஊதினார், எங்கே அரம் போட்டார் என்பதெல்லாம் அங்கேதான் கிடக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கைவேலையில் ஆசை உள்ளவர் அதைத்தான் முதலில் வாங்க வேண்டும்.

கம்பி வேலையை எடுத்துக்கொள்வோம். ஒடிசாவில் கட்டக்கின் தாரகாசி, துருக்கியில் மித்யாத்தின் தெல்காரி, போர்ச்சுகலின் கொந்தொமார், கொலம்பியாவின் மொம்போஸ் என்று உலகின் பல மூலைகளில் இந்த வேலை உயிரோடு இருக்கிறது. கட்டக் வேலைக்கு 2024-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. செய்முறை எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வெள்ளியைத் துளைத்தட்டில் ஒன்றைவிட ஒன்று சிறிய துளைகள் வழியாக இழுத்து இழுத்து முடிபோல் மெல்லியதாக்குகிறார்கள். இதற்கு 925-ஐவிடச் சுத்தமான வெள்ளியே வசதி, இழுத்த இழுப்புக்கு வரும். இரண்டு கம்பிகளைச் சேர்த்து முறுக்கி, பிறகு தட்டையாக்குகிறார்கள். அப்படித் தட்டையான நாடாவின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் சிறு மணிகள் கோத்தது போல நெருக்கமாக வெட்டு வெட்டாகத் தெரியும். அந்த நாடாவைச் சிறு குறடால் சுருட்டி, கனமான கம்பியால் செய்த சட்டத்துக்குள் நெருக்கி அடைக்கிறார்கள். எந்த ஒட்டும் இல்லாமல் அந்த நெருக்கத்தாலேயே சுருள்கள் நிற்க வேண்டும். பிறகு வெங்காரமும் பொடியும் தூவி, ஊதுகுழலால் முழுவதற்கும் ஒரே சீராக நெருப்புக் காட்டுகிறார்கள். நெருப்பு ஒரு கணம் அதிகமானால் அத்தனை சுருளும் சுருண்டு ஒரே உருண்டையாகிவிடும்.

இப்போது லூப் வழியாகப் பாருங்கள். அசலில் ஒவ்வொரு சுருளும் தனி. பக்கத்துச் சுருளைத் தொடும் இடத்தில் மட்டும் பொடி உருகிய சிறு பாலம் தெரியும். மற்ற இடத்தில் மயிரிழை இடைவெளி, அதன் வழியே வெளிச்சம் வரும். விளிம்பின் மணி வெட்டுகள் கூர்மையாக இருக்கும். சுருளின் நடுமுனை ஒன்றில் சற்று உள்ளே, இன்னொன்றில் சற்று வெளியே நிற்கும். வார்ப்பில் எடுத்த போலியில் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே மெல்லிய சவ்வு போல உலோகம் பாய்ந்திருக்கும், மணி வெட்டுகள் மழுங்கி வழவழத்திருக்கும், முன்னும் பின்னும் ஒரே உடம்பாக ஓடும். ஆங்காங்கே ஊசிமுனை அளவில் குழிகள் இருக்கும். அவை வார்க்கும்போது மாட்டிக்கொண்ட வாயு விட்ட தடம்.

ஜோடி நகை என்றால் வேலை இன்னும் சுலபம். இரண்டு தோடுகளையும் பக்கத்தில் வைத்து ஒரே இடத்தைப் பாருங்கள். கையால் செய்தவை அண்ணன் தம்பி போல இருக்கும். சாயல் ஒன்று, ஆள் வேறு. ஒரே குழி, ஒரே நசுங்கல், ஒரே சாய்ந்த இதழ் இரண்டிலும் அதே இடத்தில் இருந்தால், இரண்டும் ஒரே அச்சின் பிள்ளைகள். நான் முதலில் பார்ப்பதே இதைத்தான். இதில் தேறாத கம்பி வேலைக்கு வேறு சோதனையே தேவைப்படுவதில்லை.

சிறு உருண்டைகளை ஒட்டும் வேலையிலும் நிழல்தான் சாட்சி. கம்பித் துண்டுகளைக் கரிப்பொடியில் போட்டுச் சூடேற்றினால் உருகி, தானாகவே உருண்டு மணியாகும். அவற்றைத் தகட்டில் ஒட்டுவதற்குப் பொடி வைத்தால், அது வழிந்து மணிகளின் அடியை நிரப்பிவிடும். பழங்கால இத்தாலியின் எட்ருஸ்கன் பொற்கொல்லர்கள் பொடி வழியாமல் எப்படி ஒட்டினார்கள் என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. செம்பு உப்பையும் பசையையும் குழைத்து ஒட்டி நெருப்புக் காட்டும் முறைக்கு லிட்டில்டேல் என்ற ஆங்கிலேயர் 1933-இல் காப்புரிமை பெற்றார். பசை எரிந்து கரியாகிறது, அந்தக் கரி செம்பு உப்பைச் செம்பாக மாற்றுகிறது. வெள்ளியும் செம்பும் தொடும் புள்ளியில் மட்டும் உருகுநிலை இறங்குகிறது. சுத்த வெள்ளி 962 டிகிரி செல்சியஸில் உருகும். இந்தக் கலவை 780-க்குப் பக்கத்திலேயே உருகிவிடும். அதனால் மணி உருகாமல் அதன் பாதம் மட்டும் ஒட்டிக்கொள்கிறது. லூப்பில் பார்த்தால் மணி முழு உருண்டையாக, கழுத்து ஒடுங்கி, அடியில் இருட்டான சந்தோடு நிற்கும். வார்ப்பில் அது அரை உருண்டையாகத் தகட்டிலிருந்து புடைத்திருக்கும், அடியில் சந்தே இருக்காது.

தகட்டைப் பின்னாலிருந்து தட்டி உருவம் எழுப்பும் நகாசு வேலையில் பின்பக்கம் வெளிப்படையாகவே பேசும். தகட்டை அரக்கிலோ தார்க் கலவையிலோ பதித்து, பல வடிவ முனை கொண்ட உளிகளால் பின்னாலிருந்து தட்டி, திருப்பி முன்னாலிருந்து கோடு இறக்கி, நடுநடுவே காய்ச்சி இளக்கி, மறுபடி தட்டுகிறார்கள். பின்னால் ஒவ்வோர் அடியும் பள்ளமாகக் கிடக்கும். மேடு உயர்ந்த இடத்தில் தகடு மெலிந்திருக்கும், சில பழைய நகைகளில் பூவின் உச்சி தேய்ந்து ஓட்டையே விழுந்திருக்கும். இயந்திர அச்சில் அழுத்தியதில் பின்பக்கம் முன்பக்கத்தின் துல்லியமான மறுபதிப்பு. அடித்தடம் கிடையாது, கனம் எங்கும் சீர். செதுக்குக் கோடு என்றால் அதன் அடியைப் பாருங்கள். சிற்றுளி ஓடிய கோடு மெல்லியதாகத் தொடங்கி, அகன்று, மறுபடி ஒடுங்கும். பள்ளத்தின் சுவர் கண்ணாடிபோல் மின்னும். லேசர் எரித்த கோட்டின் அடி சொரசொரவென்று ஒரே அகலத்தில் இருக்கும்.

இணைப்புகளையும் விடாதீர்கள். பொடியில் செம்பும் துத்தநாகமும் இருப்பதால் ஒட்டிய இடம் உடம்பைவிடச் சற்று மஞ்சள் சாயலாகத் தெரியும். நன்றாக உற்றுப் பார்த்தால் மயிரிழைக் கோடு அது. அது குறை இல்லை, துண்டு துண்டாகச் சேர்த்துச் செய்ததற்கு ஆதாரம். கையால் மரை வெட்டிய பழைய திருகாணி அதன் துளைக்கு மட்டும்தான் சேரும். ஜோடியில் இடதை வலதில் மாட்டினால் இறங்க மறுக்கும். சாம்பல் நிறத்தில் மந்தமாக, திட்டாகப் படிந்த ஒட்டு தெரிந்தால் அது ஈய ஒட்டு, பின்னாளில் அவசரத்துக்குச் செய்த பழுதுபார்ப்பு. அப்படிப்பட்ட நகையை மறுபடி நெருப்பில் காட்டினால் ஈயம் வெள்ளியைத் தின்றுவிடும். ஈயத்தை முழுக்கச் சுரண்டி எடுத்த பிறகே தொட வேண்டும். ஸ்டெர்லிங் நகையில் மெருகின் அடியில் ஊதா கலந்த சாம்பல் நிழல் மேகம்போலப் படர்ந்திருந்தால் பயப்படாதீர்கள். காற்றுப்பட நெருப்புக் காட்டும்போது உள்ளிருக்கும் செம்பு கறுத்ததன் அடையாளம் அது. வெள்ளிப் பூச்சு ஏற்றிய நகையில் தெரியாது.

வார்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அநியாயம். வார்ப்பு என்றாலே போலி என்ற எண்ணம் தவறு. சஹாரா பாலைவனத்துத் துவாரெக் கொல்லர்கள் அகடெஸ் சிலுவை என்ற பதக்கத்தை மெழுகில் செய்து, களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி வெள்ளியை ஊற்றுகிறார்கள். பிறகு அச்சை உடைக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் புது மெழுகு, புது அச்சு. ஊற்றிய பிறகு அரம் போட்டு, மேலே கோடுகளைக் கையால் செதுக்குகிறார்கள். இது முழுமையான கைவேலை. ரப்பர் அச்சில் ஒரே மெழுகு வடிவத்தை ஆயிரம் முறை எடுப்பதுதான் வேறு கதை. அதுவும் நேர்மையான தொழில்தான், கைவேலை என்று சொல்லி விற்காத வரை.

அடுத்து வயது. பழமையைப் போலியாகச் செய்வது சுலபம். கந்தகக் கரைசலில் முக்கினால் சில நிமிடத்தில் நூறு வருஷக் கறுப்பு வந்துவிடும். அதனால் கறுப்பைப் பார்க்காதீர்கள், தேய்மானத்தைப் பாருங்கள். உடம்பும் துணியும் உரசும் இடம் எது? பதக்கத்தின் தலைவளையத்தில் சங்கிலி தொங்கிய இடத்தில் கம்பி மெலிந்து வழுவழுப்பான வாய்க்கால் விழுந்திருக்க வேண்டும். காப்பின் உட்புறம் வழவழப்பாகவும் வெளிவிளிம்பு மழுங்கியும் இருக்க வேண்டும். கோத்த மணிகள் ஒன்றோடொன்று உரசிய முகங்கள் தட்டையாகியிருக்க வேண்டும். எதுவும் தொட வாய்ப்பே இல்லாத ஆழத்தில் தேய்மானமும், தினம் உரசும் இடத்தில் கூர்மையும் இருந்தால், யாரோ உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்து செய்த பழமை அது. இயல்பான கறுப்பு ஆழத்தில் கனமாக, மேடு நோக்கி வர வரப் பழுப்பாகக் கரையும். முக்கியெடுத்த கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே மை. சில இடங்களில் நகத்தால் சுரண்டினால் உதிரும்.

பழைய நகையின் வெள்ளி எங்கிருந்து வந்தது என்பதும் பயனுள்ள கேள்வி. சுரங்கம் இல்லாத ஊர்களில் நாணயம்தான் மூலப்பொருள். மரியா தெரசா தாலர் என்ற ஆஸ்திரிய நாணயம் 28 கிராம் எடை, 833 பங்கு வெள்ளி. அரபு நாடுகளிலும் எத்தியோப்பியாவிலும் அது அவ்வளவு நம்பிக்கை பெற்றிருந்ததால், அரசி இறந்த 1780-ஆம் ஆண்டையே பொறித்துப் பிறகும் தொடர்ந்து அடித்தார்கள். ஏமன், ஓமன் நகைகள் பலவற்றில் அந்த நாணயம் அப்படியே தொங்கும். அதைப் பார்த்து ‘1780-இல் செய்த நகை’ என்று விற்பவரை நம்பாதீர்கள். அந்த ஆண்டு பொறித்த நாணயம் 20-ஆம் நூற்றாண்டிலும் அடிக்கப்பட்டது. ஏமனில் நுணுக்க வேலைக்குப் பேர்போனவர்கள் யூதக் கொல்லர்கள். 1949-50-இல் அவர்களில் மிகப் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே செய்த வேலையின் நுணுக்கத்தில் இறக்கம் தெரிகிறது. காலம் கணிக்கிறவர்கள் அந்த வருஷங்களை ஒரு கோடாக வைத்துக்கொள்வது இதனால்தான்.

ஊர்ப்பெயரைத் திருடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான மோசடி என்பது என் எண்ணம். அமெரிக்காவில் நவஹோ பழங்குடி மக்கள் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெள்ளி வேலையைக் கற்றார்கள்; அட்சிடி சானி என்பவரை முதல் நவஹோ வெள்ளிக் கொல்லராகச் சொல்வார்கள். தொடக்கத்தில் அவர்களுக்கும் நாணயம்தான் வெள்ளி. அந்த வடிவங்களுக்கு மவுசு ஏறியதும், வேறு நாடுகளில் மலிவாகச் செய்து பழங்குடி வேலை என்று விற்பது பெருகியது. பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாக விற்பது அங்கே 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தனிநபருக்கு முதல் முறையே 2,50,000 டாலர் வரை அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அப்படிப் போலியாக விற்கப்படும் நகையில் வெள்ளி பெரும்பாலும் அசலாகவே இருக்கும். அமிலமும் கருவியும் அதைப் பிடிக்காது. அந்த மக்கள் கல் பதிக்கும் விதம், அவர்கள் கைகளால் வெட்டிய முத்திரை உளிகளின் வடிவம், பின்பக்கத்தில் செய்தவர் அடித்த பெயர்க்குறி இவற்றை அறிந்தவர்தான் பிடிப்பார். பெயர்க்குறியையும் போலி செய்வார்கள் என்பதால், அந்தக் குறியை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளாமல் அதே கைவினைஞரின் உறுதியான வேலை ஒன்றின் படத்தோடு பக்கம் பக்கமாக ஒப்பிட வேண்டும். அருங்காட்சியகங்கள் பலவும் தங்கள் சேகரிப்பின் படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. விரும்பும் பாணி ஒன்றை எடுத்துக்கொண்டு அதில் மட்டும் சில மாதம் கண்ணைப் பழக்குங்கள். எல்லாப் பாணியையும் ஒருசேரக் கற்க முயன்றால் எதுவும் நிற்காது.

பழைய துண்டுகளைப் புதுச் சங்கிலியில் கோத்து முழு நகையாக விற்பதும் நடக்கும். அது கெட்டது என்று சொல்ல மாட்டேன், சொல்லிவிட்டு விற்றால். மணிகளின் கறுப்பும் கொக்கியின் பளபளப்பும் ஒத்துப்போகாததை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

வாங்குமுன் எந்த நகையையும் பளபளவென்று மெருகேற்றித் தரச் சொல்லாதீர்கள். கறுப்பை நீக்கும் திரவத்தில் ஒருமுறை முக்கினால், நான் மேலே சொன்ன பாதித் தடயங்கள் அந்த நொடியிலேயே போய்விடும். பொள்ளலான நகையில் அந்தத் திரவம் உள்ளே புகுந்து, பிறகு மாதக்கணக்கில் கசிந்து கறையாக்கும். மென்மையான பருத்தித் துணியால் துடைத்தாலே போதும்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை சுருக்கம்: இதை யார் செய்தது, எந்தப் பட்டறை, எந்த முறையில்? எந்தப் பகுதி வார்ப்பு, எது கையால் செய்தது? வெள்ளி எத்தனை பங்கு, எப்படிச் சோதித்தீர்கள்? எங்கே பழுது பார்த்திருக்கிறது? பொருளை அறிந்து விற்பவர் இந்தக் கேள்விகளைக் கேட்டால் முகம் சுளிக்க மாட்டார். நகையை அவரே திருப்பிக் காட்டி, ஒட்டுகளைச் சுட்டிக்காட்டுவார். ‘பழசு’, ‘பாரம்பரியம்’, ‘அரிது’ என்ற மூன்று சொற்களுக்கு மேல் எதுவும் வராவிட்டால் எச்சரிக்கை. சொன்னதையெல்லாம் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்: எடை, வெள்ளியின் பங்கு, கைவேலை என்ற சொல், செய்த ஊர், ஏறக்குறைய காலம். எழுத மறுத்தால், அந்த நகைக்கு உலோகத்தின் விலைக்கு மேல் ஒரு காசும் தராதீர்கள்.